டாலர் ஏறினா கொடைக்கானல் ரூம் நிறையுமா? போர் வந்தா காலியாகுமா? நிலக்கோட்டை வழியா மலை ஏறும் உலக கணக்கு

நிலக்கோட்டை:-

கொடைக்கானலில் ஒரு காட்டேஜ் நிறைவதற்கும், எங்கேயோ அமெரிக்காவில் டாலர் ஏறுவதற்கும் என்ன சம்பந்தம்? கேட்டால் பாதி பேர் சிரிப்பார்கள். ஆனால் கொடைரோடு ஸ்டேஷன் வாசலில் சவாரிக்கு நிற்கும் டாக்சி டிரைவருக்கும், நகையை அடகு வைத்து மலையில் காட்டேஜை குத்தகைக்கு எடுத்தவருக்கும் அது சிரிக்கிற விஷயம் இல்லை.

கொடைக்கானல் ரோடு என்ற ரெயில் நிலையம் மலையில் இல்லை. நிலக்கோட்டை தாலுகா அம்மையநாயக்கனூரில்தான் இருக்கிறது. அங்கே இறங்குகிறவர்கள் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, காட்ரோடு வழியாக சுமார் 80 கிலோமீட்டர் போய் மலை ஏறுகிறார்கள். மேலே ரூம் நிறைந்தால் கீழே டாக்சி ஓடும், டீக்கடை ஓடும், பழக்கடை ஓடும். மேலே காலி என்றால் கீழேயும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இந்த ரூம் நிறைவதையும் காலியாவதையும் இரண்டு விஷயங்கள் ஆட்டிப்படைக்கின்றன. ஒன்று பணத்தின் மதிப்பு. இன்னொன்று பயம். பணம் மெதுவாக வேலை செய்யும், மாதக்கணக்கில். பயம் ஒரே ராத்திரியில் வேலையை காட்டிவிடும். எது எப்படி என்று பார்க்கலாம்.

மலேசியாக்காரருக்கு லாபம்

முதலில் பணக்கணக்கு. 2007-ம் ஆண்டு கடைசியில் ஒரு டாலர் 40 ரூபாய்க்கும் கீழே இருந்தது. 2013 ஆகஸ்டில் 68 ரூபாயை தொட்டு எல்லோரையும் அலற வைத்தது. 2022 அக்டோபரில் 83-ஐ தொட்டது. 2025 டிசம்பரில் 90-ஐயும் தாண்டிவிட்டது.

டாலர் ஏறுகிறது என்றால் நம்ம ரூபாய் இறங்குகிறது என்று அர்த்தம். வெளியில் இருந்து வருகிறவருக்கு நம்ம ஊர் மலிவாகிறது. இதற்கு அமெரிக்காக்காரர்தான் வர வேண்டும் என்று இல்லை. மலேசியாவில் இருக்கும் நம்ம தமிழ் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். திருச்சியில் விமானம் இறங்கி, பழனி முருகனை கும்பிட்டுவிட்டு கொடைக்கானல் ஏறுவது அவர்களில் பலருக்கு பழக்கமான ரூட்.

2024 தொடக்கத்தில் ஒரு ரிங்கிட்டுக்கு சுமார் 17 ரூபாய் 40 காசு கிடைத்தது. 2025 டிசம்பரில் சுமார் 22 ரூபாய். ஒரு நாள் வாடகை 4,400 ரூபாய் என்று ஒரு காட்டேஜ் இருந்தால், 2024-ல் அவர் கணக்கில் அது 253 ரிங்கிட். 2025 கடைசியில் அதே ரூம், அதே கட்டில், அதே போர்வை, 200 ரிங்கிட்தான்! காட்டேஜ்காரர் ஒரு பைசா குறைக்கவில்லை. வந்தவருக்கு 53 ரிங்கிட் மிச்சம். இரண்டு நாள் தங்குகிறவர் மூன்றாவது நாளும் தங்கலாமா என்று யோசிப்பது இங்கேதான்.

துபாய், அபுதாபியில் வேலை பார்க்கிறவர்கள் கதையும் இதேதான். அங்கே ஓடும் திர்ஹாம் டாலரோடு கட்டிப்போடப்பட்ட காசு. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்பது 1997-ல் இருந்து மாறவே இல்லை. டாலர் ஏறினால் திர்ஹாமும் கூடவே ஏறும். டாலர் 83 ரூபாய் இருந்தபோது வீட்டுக்கு 1,000 திர்ஹாம் அனுப்பினால் சுமார் 22,600 ரூபாய் வந்தது. 90 ரூபாய் ஆனபோது சுமார் 24,500. கையில் 1,900 ரூபாய் கூடுதல். லீவில் வரும் புருஷன் பொண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு நாள் மலை ஏறிவிட்டு வர இந்த காசு போதும். கேரளாவில் இருந்து வரும் கூட்டத்திலும் வளைகுடா பணத்துக்கு பங்கு உண்டு.

உள்ளூர்க்காரர் பாங்காக் போகாமல் இருந்தால்...

ஆனால் கொடைக்கானலுக்கு வருகிறவர்களில் வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மதுரை, திருப்பூர், சென்னை, பெங்களூர், கேரளா கூட்டம்தான் ரூமை நிரப்புகிறது. அவர்கள் செலவழிப்பது ரூபாய். அப்படியானால் டாலர் அவர்களை தொடாதா? தொடும், வேறு வழியில்.

2023 நவம்பரில் தாய்லாந்தும், அதே ஆண்டு டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று கதவை திறந்தன. "கொடைக்கானலுக்கு ஆகிற செலவில் பாங்காக்கே போயிடலாம்" என்ற பேச்சு கிளம்பியது. அப்போது ஒரு தாய்லாந்து பாட் 2 ரூபாய் 30 காசு அளவில் இருந்தது. 2025 டிசம்பரில் 2 ரூபாய் 80 காசை தாண்டியது. அங்கே 1,500 பாட் வாடகை உள்ள ரூம் முன்பு சுமார் 3,500 ரூபாய், பிறகு 4,200 ரூபாய்க்கு மேல். நாலு பேர் குடும்பம், அஞ்சு நாள் என்று பெருக்கினால் எவ்வளவு கூடும் என்று பார்த்துக்கொள்ளலாம். அந்த கூட்டத்தில் ஒரு பங்கு திரும்பி நம்ம மலைக்கே வர வாய்ப்பு உண்டு.

டாலர் ஏறினால் கொடைக்கானலுக்கு கொண்டாட்டம்தான் என்று இதோடு முடித்துவிட முடியாது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அதற்கு பணம் டாலரில் போகிறது. சமையல் கியாசிலும் பாதிக்கு மேல் வெளிநாட்டு சரக்கு. 2022-ல் ரஷியா-உக்ரைன் போர் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 139 டாலர் வரை எகிறியது. பங்கில் பெட்ரோல் விலை அதே வேகத்தில் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஏறுவதையாவது தள்ளிப்போடுவார்கள், தேர்தல் வந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடுவார்கள். ஆனால் ஓட்டலுக்கு போகும் 19 கிலோ கியாஸ் சிலிண்டர் விலை மாதம் பிறந்தால் மாறுகிறது. காட்டேஜில் சாப்பாடு செய்து போடுகிறவருக்கு முதல் அடி அங்கேதான் விழும்.

மலைப்பாதையில் வண்டி பெரும்பாலும் சின்ன கியரிலேயே முக்கி முக்கி ஏறும். டீசல் சமவெளியை விட கூடுதலாக குடிக்கும். வேன் வாடகை ஏறினால் சுற்றுலா வருகிறவர் ரூமில்தான் கையை வைப்பார். மூன்று நாள் இரண்டு நாளாகும், இரண்டு ரூம் ஒரே ரூமாகி எக்ஸ்ட்ரா பெட் கேட்பார்கள். ஆக, ஒரு பக்கம் கொடுத்த டாலர் இன்னொரு பக்கம் பிடுங்கிக்கொள்கிறது.

வட்டக்கானல் சொல்லும் பாடம்

பயத்தின் கணக்குக்கு வட்டக்கானலை விட நல்ல உதாரணம் கிடையாது. கொடைக்கானலை ஒட்டிய சின்ன மலைக்கிராமம். 'லிட்டில் இஸ்ரேல்' என்றே அதற்கு பட்டப்பெயர். இஸ்ரேலில் ஆணும் பெண்ணும் கட்டாய ராணுவ சேவை முடிக்க வேண்டும். முடித்த கையோடு இருபது, இருபத்திரண்டு வயது பிள்ளைகள் பை தூக்கிக்கொண்டு இந்தியா கிளம்பி வருவது பல வருட வழக்கம். வட்டக்கானலில் வீடுகளை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வாடகைக்கு எடுத்து தங்குவார்கள். சீசன் முடிந்து நம்ம ஊர் கூட்டம் இல்லாத மாதங்களிலும் அந்த வீடுகளுக்கு வாடகை வந்தது இப்படித்தான்.

2016 அக்டோபரில் கேரளாவில் கனகமலையில் என்.ஐ.ஏ. ஒரு கும்பலை பிடித்தது. வட்டக்கானலுக்கு வரும் யூத பயணிகளை குறிவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. எங்கேயோ நடக்கும் சண்டை நம்ம மலை உச்சி வரை வரும் என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

அடுத்தது கொரோனா. 2020 மார்ச் 13 முதல் இந்தியா சுற்றுலா விசாவை நிறுத்தியது. மறுபடி கதவு திறந்தது 2021 அக்டோபர், நவம்பரில்தான். வழக்கம்போல சர்வதேச விமானம் ஓடத் தொடங்கியது 2022 மார்ச் 27-ல். இரண்டு வருஷம் போச்சு. மெல்ல தலை தூக்கும்போது, 2023 அக்டோபர் 7-ல் இஸ்ரேல் மீது ஹமாஸ் தாக்குதல், பிறகு காசா போர். சுமார் 3 லட்சம் ரிசர்வ் வீரர்களை இஸ்ரேல் ராணுவம் திரும்ப அழைத்தது. சேவை முடித்த அதே இளவட்டங்கள்தான் இந்த ரிசர்வ் படை. பை தூக்க வேண்டிய தோளில் துப்பாக்கி ஏறியது.

அந்த நேரத்தில் ரூபாய் டாலருக்கு 83 என்று மலிவாகத்தான் இருந்தது. என்ன பிரயோஜனம்? வருகிற ஆள் போர்க்களத்தில் இருக்கும்போது வாடகை பாதியாக இருந்தாலும் ரூம் நிறையாது.

இலங்கையில் ரூம் மலிவு, ஆள் இல்லை

இதையே இன்னும் பளிச்சென்று காட்டியது பக்கத்து நாடு இலங்கை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதம் 360. நம்ம ஊர்க்காரர் கணக்கில் 10,000 இலங்கை ரூபாய் வாடகை உள்ள ரூம் சுமார் 3,700 ரூபாயில் இருந்து 2,150 ரூபாய்க்கு இறங்கியது. கிட்டத்தட்ட பாதி விலை தள்ளுபடி.

கூட்டம் அள்ளியதா? இல்லை. பங்கில் பெட்ரோல் இல்லை, கியாசுக்கு கியூ, ராத்திரி கரண்ட் இல்லை. ஜூலையில் ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே ஜனங்கள் புகுந்துவிட்டார்கள். 2018-ல் 23 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2022-ல் சுமார் 7 லட்சத்து 20 ஆயிரம் பேர்தான் வந்தார்கள். நிலைமை அடங்கி, பங்கில் பெட்ரோல் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் மலிவு விலை வேலை செய்தது. 2024-ல் 20 லட்சத்தை தாண்டினார்கள். அதில் முதல் இடம் இந்தியர்களுக்கு.

மாலத்தீவில் பெட்ரோலும் இருந்தது, கரண்டும் இருந்தது. 2024 ஜனவரியில் அங்கே மந்திரிகள் சிலர் இந்திய பிரதமர் பற்றி வாய்விட, இங்கே கோபம் கிளம்பியது. 2023-ல் 2 லட்சத்து 9 ஆயிரம் இந்தியர்கள் போன இடத்துக்கு 2024-ல் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர்தான் போனார்கள். அந்த நாட்டு காசு டாலரோடு கட்டிப்போட்ட காசு, அது அசையவே இல்லை. வாய்தான் அசைந்தது.

காஷ்மீரில் அடி, பெட்டி வேறு பக்கம்

ஒரு இடத்தில் பயம் வந்தால் இன்னொரு இடத்துக்கு கூட்டம் திரும்பும் என்பது இந்த தொழிலின் கசப்பான உண்மை. 2025 ஏப்ரல் 22-ல் காஷ்மீர் பஹல்காமில் சுற்றுலா பயணிகளை பயங்கரவாதிகள் சுட்டுக்கொன்றனர். 26 உயிர் போனது. காஷ்மீரில் 87 சுற்றுலா இடங்களில் 48-ஐ அரசு மூடியது. சரியாக கோடை சீசன் நேரம். அங்கே ஓட்டல், படகு வீடு எல்லாவற்றிலும் புக்கிங் மளமளவென கேன்சல். ஏற்கனவே லீவு போட்டு பெட்டி கட்டி வைத்த குடும்பங்கள் வேறு மலைகளை தேட ஆரம்பித்தன.

மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதல் வந்தபோது வடக்கே பல விமான நிலையங்கள் சில நாள் மூடப்பட்டன. அப்போது கூட்டத்துக்கு கை கொடுப்பது ரெயிலிலும் காரிலும் போய்விடக்கூடிய இடம்தான். கொடைக்கானல் அப்படிப்பட்ட இடம். விமானம் நின்றாலும் கொடைரோட்டில் ரெயில் நிற்கும்.

நல்லதற்கும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் 'மஞ்சும்மெல் பாய்ஸ்' படம் வந்தது. குணா குகையை பார்க்க கேரளாவில் இருந்து சாரை சாரையாக வண்டிகள் வந்தன. டாலரும் இல்லை, போரும் இல்லை, ஒரு சினிமா! பொருளாதார நிபுணர் யாரும் இதை முன்கூட்டி சொல்லியிருக்க முடியாது.

இ-பாஸ் என்ற உள்ளூர் பூட்டு

அந்த கூட்டத்துக்கு அடுத்த இரண்டரை மாதத்தில் வந்தது இ-பாஸ். சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்தே ஏற வேண்டும் என்று ஆனது. 2025 ஏப்ரல் 1 முதல் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. கொடைக்கானலுக்கு சாதாரண நாளில் 4,000 வண்டி, சனி-ஞாயிறில் 6,000 வண்டி. மலை தாங்காது, ரோடு தாங்காது, குப்பை தாங்காது என்பது கோர்ட்டின் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் ரூம் வைத்திருப்பவர் கணக்கில், டாலர் எவ்வளவு ஏறினாலும் வாசலில் விடுவது இத்தனை வண்டிதான்.

வரி இன்னொன்று. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு 1,000 ரூபாய்க்கு மேல் 7,500 வரை வாடகை உள்ள ரூமுக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி. அதன்பிறகு 5 சதவீதம். 4,400 ரூபாய் ரூமில் 528 ரூபாய் வரி 220 ஆனது. 308 ரூபாய் மிச்சம். உள்ளூர் குடும்பத்துக்கு டாலர் செய்வதை விட இது நேராக கையில் தெரியும்.

குத்தகைக்காரர் தலையில் விழும் இடி

இதெல்லாம் யார் தலையில் விடிகிறது? சொந்த கட்டிடம் வைத்திருப்பவர் தாங்கிவிடுவார். காட்டேஜை வருஷ குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்தான் மாட்டிக்கொள்வார். ஒரு கணக்கு போட்டு பார்க்கலாம்.

நாலு ரூம் உள்ள காட்டேஜ், மாதம் 60 ஆயிரம் குத்தகை என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். ஒரு வேலையாள் சம்பளம் மாதம் 15 ஆயிரம், வருஷம் 1 லட்சத்து 80 ஆயிரம். கரண்ட், கியாஸ், துணி வெளுப்பு எல்லாம் 1 லட்சத்து 20 ஆயிரம். மொத்தம் 10 லட்சத்து 20 ஆயிரம். ஏப்ரல், மே 61 நாளும் நாலு ரூமும் 4,000 ரூபாய்க்கு ஓடினால் 9 லட்சத்து 76 ஆயிரம் வரும். அதாவது இரண்டே மாத சீசன் முழு வருஷ செலவையும் கிட்டத்தட்ட அடைத்துவிடும். மிச்ச பத்து மாதத்தில் வருவதுதான் லாபம்.

அதே சீசனில் மூன்றில் ஒரு பங்கு கேன்சல் ஆனால் 3 லட்சத்து 25 ஆயிரம் ஓட்டை. ஆன்லைன் கம்பெனிக்கு போகும் கமிஷன் தனி. சீசனே போய்விட்டால் கேட்கவே வேண்டாம். 2020-ல் ஊரடங்கு, 2021-ல் ஏப்ரல் 20 முதல் மலைவாச ஸ்தலங்களுக்கு சுற்றுலா பயணிகள் வர தடை. அடுத்தடுத்து இரண்டு கோடை சீசன் காலி. குத்தகை கொடுத்தவர் வாடகையை விட்டுக்கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் அட்வான்சில் கழியும். அட்வான்சும் தீர்ந்தால் சாவியை கொடுத்துவிட்டு மலை இறங்க வேண்டியதுதான்.

டிரைவருக்கும் இதே நிலைமை. வண்டிக்கு மாத தவணை நிற்காது. ரூம் கேன்சல் ஆனால் வாடிக்கையாளர் கட்டிய அட்வான்சாவது ரூம்காரர் கையில் கொஞ்சம் நிற்கும். போனில் வாய்வார்த்தையாக பேசி வைத்த வண்டிக்கு அதுவும் இல்லை.

குத்தகை பேசும்போது எதை பார்க்கணும்?

நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கம் மலையில் காட்டேஜ் எடுக்க நினைப்பவர்கள், முதலில் கட்டிடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2019-ல் ஐகோர்ட்டு உத்தரவுப்படி விதிமீறி கட்டிய விடுதிகளுக்கு கொடைக்கானல் நகராட்சி சீல் வைத்தது. சீல் வைத்த கட்டிடத்தில் டாலர் என்ன செய்யும், ரிங்கிட் என்ன செய்யும்?

அடுத்து குத்தகை பத்திரம். அரசு உத்தரவால் சுற்றுலா நின்றால் அந்த மாதங்களுக்கு வாடகை உண்டா, இல்லையா, பாதியா என்பதை ஒரு வரி எழுதி வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு கொரோனா சமயத்தில் எவ்வளவு தூரம் நின்றது என்பது அனுபவப்பட்டவர்களுக்கு தெரியும். மொத்த குத்தகையையும் மாத தவணையாக சமமாக பிரிக்காமல், சீசன் மாதத்தில் கூடுதலாகவும் மழை மாதத்தில் குறைவாகவும் கட்டுவது போல பேசினால் மூச்சு விடலாம்.

புக்கிங் எடுக்கும்போதும் ஒரே கூட்டத்தை நம்பி உட்காரக்கூடாது. வெளிநாட்டுக்காரர்களை மட்டும் நம்பிய வீடுகள் 2020-லும் 2023-லும் பட்ட பாட்டை வட்டக்கானல் பார்த்துவிட்டது. கேன்சல் விதியை புக்கிங் போடும்போதே போனில் வாட்ஸ்-அப்பில் எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். எத்தனை நாளுக்கு முன் சொன்னால் முழு அட்வான்ஸ் திரும்ப கிடைக்கும், இ-பாஸ் கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு என்பது அதில் இருக்க வேண்டும். இ-பாஸ் விஷயத்தில்தான் பேசும்போது ஒன்று, கேன்சல் செய்யும்போது ஒன்று என்று சண்டை வரும். வண்டிக்கும் அதே மாதிரி சின்ன தொகை அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, எந்த தேதி, எத்தனை மணி, கொடைரோட்டில் இருந்தா, மதுரையில் இருந்தா என்று எழுதி அனுப்பிவிட்டால் டிரைவர் பாடும் கொஞ்சம் தேவலை.